பனவடலிசத்திரத்துத் தம்பியும் இரண்டு சி.வி. ராமகிருஷ்ணன்களும்

1/
போன வாரம் நைட் டூட்டி முடிச்சு ரூமுக்கு வந்து படுக்கப் போற நேரம். ஜூனியர் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான். ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல தேவர்குளம் தாண்டி வர்ற ஊர்.

"அண்ணே, கிளினிக்கல் ரிசர்ச் வேலைக்கு அப்ளை பண்றேன். என் லிங்க்ட்இன் ப்ரொஃபைல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. ஒரு இடத்துல இருந்தும் கூப்பிட மாட்டேங்காங்க."

பார்த்தேன். அவனுக்குச் சொன்ன பதிலில் பாதி, 1956-ல் சென்னையில் நடந்த ஒரு கதை. உங்களுக்கும் பயன்படும் என்பதால் இழையாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

2/
முதலில் அவன் ப்ரொஃபைலில் என்ன சிக்கல் என்று சொல்கிறேன்.

அவனுக்கு நாலு பேர் இருக்கு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், பின்னால் பேர். மெடிக்கல் கவுன்சில் பதிவில் பேர் முன்னால், இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் "சர்நேம்" ஆகிவிட்டது. அவன் பங்கெடுத்த ஒரு கேஸ் ரிப்போர்ட் அச்சான இதழில் அப்பா பேர்தான் முதன்மை, இவன் பேர் ஓர் எழுத்தாகச் சுருங்கிப்போச்சு.

லிங்க்ட்இன்ல இருக்கிற பேரைப் போட்டுத் தேடினால் அந்தக் கட்டுரை வரவே வராது. கட்டுரையில் இருக்கிற பேரைத் தேடினால் அவங்க அப்பாவே எழுதின மாதிரி இருக்கும். அவங்க அப்பா மல்லிகைப் பூ விவசாயி.

3/
இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது.

பேருக்குக் கீழே "கிளினிக்கல் இன்வெஸ்டிகேட்டர்" என்று போட்டிருந்தான். "ஏலே, நீ எப்போ இன்வெஸ்டிகேட்டர் ஆன?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "அப்படிப் போட்டாத்தான் கூப்பிடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாருண்ணே. நான் நிஜமா பண்ணது ஃபாலோ-அப்தான். போன் பண்ணுவேன், வராதவங்க வீட்டுக்குப் போவேன், மாத்திரை எத்தனை மிச்சம்னு எண்ணுவேன். அதப் போயி எப்படிண்ணே போடுறது?"

அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்த இழை முழுக்கப் பதில்.

4/
1950-களில் இந்தியாவில் டிபி வந்தால் என்ன நிலைமை தெரியுமா?

ஸ்ட்ரெப்டோமைசின், பிஏஎஸ், ஐசோநயாசிட் என்று மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் டிபி நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்கணும் என்பதுதான் அப்போதைய வழக்கம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாசக்கணக்கில் படுக்கை. தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பேர் இருக்கு இல்லையா, அந்தக் காலத்தின் மிச்சம்தான் அது.

நோயாளிகளோ லட்சக்கணக்கில். கட்டில்கள் அதில் மிகச் சிறு பங்கு. கட்டில் கிடைக்காதவர் வீட்டிலேயே இருமிக்கொண்டு கிடப்பார்.

5/
1956-ல் சென்னையில் டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில், நாலு பேரும் சேர்ந்து நடத்தியது. பிரிட்டனில் இருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வந்து வழிநடத்தினார். இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், என்ஐஆர்டி, அதன் தொடர்ச்சி.

அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. அதே மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் குணமாகுமா, ஆகாதா?

6/
193 நோயாளிகள். பெரும்பாலும் சென்னையின் ஏழைக் குடும்பங்கள். ஒரே அறையில் குடும்பம் முழுக்க இருக்கிற வீடுகள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை டாக்டர் முடிவு பண்ணவில்லை. குலுக்கல் மாதிரி, ரேண்டம் முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஐசோநயாசிட், பிஏஎஸ் மருந்துகள் ஒரு வருஷம்.

சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் நர்ஸும் உண்டு. வீட்டில் அதெல்லாம் கிடையாது. மருந்தை வாங்கிட்டுப் போய்த் தாங்களே சாப்பிட வேண்டும்.

7/
1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள்: வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம்.

பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வே இல்லை. ஆனாலும் மருந்து ஒழுங்காகப் போனால் வேலை செய்தது.

வீட்டில் இருக்கும் நோயாளியால் குடும்பத்துக்குக் கூடுதலாகப் பரவுகிறதா என்றும் தொடர்ந்து பார்த்தார்கள். 1966-ல் ஐந்து வருஷக் கணக்கு வெளிவந்தது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிபி மாத்திரை வாங்கிட்டு ஒருத்தர் வீட்டுக்கு நடந்து போறாரே, அந்த நடையின் ஆரம்பம் இங்கேதான்.

8/
இப்போ தம்பியின் கேள்விக்கு வருவோம்.

இந்த ஆய்வில் எந்த இடம் ஆடினால் மொத்தமும் விழும்? எக்ஸ்ரே அல்ல, லேப் அல்ல. வீட்டுக் குழுவில் இருந்தவர் மருந்தை உண்மையிலேயே சாப்பிட்டாரா என்பதுதான். சாப்பிடாமலே "சாப்பிட்டேன்" என்று சொன்னால் 86-க்கு அர்த்தமே இல்லை.

அதைக் கண்டுபிடிக்க ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். சிறுநீர் வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணினார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள்.

தம்பி "அதப் போயி எப்படிப் போடுறது" என்று கூச்சப்பட்ட அதே வேலை.

9/
நோயாளி தானே மருந்து சாப்பிடும்போது வரும் சிக்கல்களைப் பற்றி வாலஸ் ஃபாக்ஸ் 1958-லேயே ட்யூபர்கிள் இதழில் தனிக் கட்டுரை எழுதினார். பக்கத்தில் ஒருவர் இருந்து மருந்து விழுங்குவதைப் பார்க்கும் முறைக்கு அங்கிருந்துதான் பாதை போட்டது. 1960-களில் அதே சென்னை மையம் வாரம் இரண்டு முறை நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1990-களில் அது டாட்ஸ் என்ற பேரில் உலகத் திட்டமாக வந்தது.

மாத்திரை எண்ணுகிற வேலையில் இருந்துதான் ஓர் உலகக் கொள்கை முளைத்தது. அதனால், தம்பி, அந்த வேலையைக் குறைத்து நினைக்காதே.

10/
சரி, அந்த 1959 கட்டுரையை எழுதியது யார்?

90 பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தக் கட்டுரை ஆசிரியர் என்ற இடத்தில் மையத்தின் பேரைத்தான் தாங்கி நிற்கிறது. "டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ்", அவ்வளவுதான்.

அது அன்றைய பிரிட்டிஷ் வழக்கம். 1948-ல் வெளியான புகழ்பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வும் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் குழுவின் பேரில்தான் வந்தது. எல்லாரும் சேர்ந்து செய்த வேலை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு பேர்.

கேட்க அழகாகத்தான் இருக்கு. ஆனால் அந்த மையத்தில் வேலை பார்த்த ஒரு இளம் டாக்டர் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்தால் எதைக் காட்டியிருப்பார்? கட்டுரையின் நெற்றியில் அவர் பேர் இல்லையே.

11/
அடுத்த வருஷங்களில் அதே மையத்தின் கட்டுரைகள் ஆட்களின் பேரோடும் வந்தன. 1960-ல் குடும்பத்தினருக்கு நோய் தொற்றுவது பற்றிய கட்டுரையில் ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு. 1961-ல் டிபி வைத்தியத்தில் சாப்பாட்டின் பங்கு பற்றிய கட்டுரை. அதில் முதல் பேரே சி.வி. ராமகிருஷ்ணன்.

சத்தான சாப்பாடு இல்லாமலும் மருந்து வேலை செய்யும் என்று காட்டிய முக்கியமான கட்டுரை அது. இந்த ராமகிருஷ்ணனைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

12/
அதே காலத்தில் பரோடாவில் இன்னொரு சி.வி. ராமகிருஷ்ணன் இருந்தார். உயிர்வேதியியல் பேராசிரியர். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையை வளர்த்தவர். அவரும் நிறையக் கட்டுரைகள் எழுதினார்.

மருத்துவ அட்டவணையில் இருவருமே "ராமகிருஷ்ணன் சி.வி." இன்றைக்கும் பப்மெட்டில் அந்தப் பேரைத் தட்டினால் டிபி நோயாளியின் சாப்பாடும் வரும், என்சைமும் வரும். இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்றுதான் விஷயம் தெரியாதவர் நினைப்பார்.

இருவருக்கும் முன்னெழுத்தே சி.வி. நம்ம ஊரில் வேலைக்குக் கொடுக்கிற பேப்பருக்கும் சி.வி. என்றுதான் பேர். எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும். சி.வி. இருந்தும் ஆளைப் பிரிக்க முடியவில்லை!

13/
இது ஏன் நடந்தது?

மருத்துவக் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும் வேலையை 1879-ல் அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கினார். இண்டெக்ஸ் மெடிகஸ் என்று பேர். அச்சுப் புத்தகம். இடத்தை மிச்சப்படுத்த ஆசிரியரின் குடும்பப் பேர் முழுசாக, மற்றது முதலெழுத்தாக. பின்னாளில் கம்ப்யூட்டருக்கு மாறி மெட்லைன், பப்மெட் என்று ஆனபோதும் அதே வழக்கம் தொடர்ந்தது. ஆசிரியரின் முழுப் பேரைச் சேர்க்கத் தொடங்கியதே 2002-ல் வந்த கட்டுரைகளில் இருந்துதான்.

குடும்பப் பேர் இருக்கிற ஊருக்கு இந்த முறை சரி. நமக்கு ஏது குடும்பப் பேர்?

14/
நமக்கு அது இல்லாமல் போனது விபத்து கிடையாது. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கு.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வடக்கே பல இடங்களில் சர்நேம் கேட்டால் சாதி தெரிந்துவிடும். இங்கே பேரின் வாலைப் பல குடும்பங்கள் வெட்டிவிட்டன. அப்பா பேரின் முதலெழுத்தும் சொந்தப் பேரும் போதும் என்று ஆனது.

எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வெளிநாட்டு ஃபாரம் ஒன்றை நிரப்பும்போது "சர்நேம்" என்ற கட்டம் சிவப்பாகி நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். ஒரு இடத்தில் அப்பா பேர், இன்னொரு இடத்தில் இனிஷியல், இன்னொரு இடத்தில் சொந்தப் பேரே இரண்டு முறை.

15/
பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கு.

கணித மேதை ராமானுஜனின் அப்பா பேர் ஸ்ரீனிவாச ஐயங்கார். உலகம் "ஸ்ரீனிவாச ராமானுஜன்" என்று சொல்கிறது. அங்கே முதல் பேர் மாதிரி நிற்பது அப்பா பேர். நல்லவேளையாக அவரது சொந்தப் பேர் குடும்பப் பேரின் இடத்தில் போய் உட்கார்ந்து நிலைத்துவிட்டது.

இன்னொருவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். வீட்டில் வெங்கட்ராமன். 2009-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார். கட்டுரைகளில் அவர் "ராமகிருஷ்ணன் வி." அதாவது குடும்பப் பேரின் இடத்தில் இருப்பது அப்பா பேர்.

அந்த அப்பா யார்? நான் சொன்ன பரோடா சி.வி. ராமகிருஷ்ணன்தான்!

16/
யோசித்துப் பாருங்க. சென்னையில் ஒரு சி.வி. ராமகிருஷ்ணன், பரோடாவில் ஒரு சி.வி. ராமகிருஷ்ணன், பரோடாக்காரர் பேரையே சுமந்துகொண்டு உலகம் சுற்றிய ஒரு வெங்கி ராமகிருஷ்ணன்.

நோபல் வாங்கியவரைத் தேட யாரும் சிரமப்படப் போவதில்லை. பனவடலிசத்திரத்துப் பையனைத் தேடுகிற ஹெச்ஆர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தேடமாட்டார். கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். பெரிய கல்லூரி, தெரிந்த பேராசிரியர், சிபாரிசுக் கடிதம் என்று ஏதாவது இருக்கிறவனுக்குப் பேர் குழம்பினாலும் நஷ்டமில்லை. அதெல்லாம் இல்லாதவனுக்குத்தான் பேரில் ஒரு எழுத்து மாறினாலும் நஷ்டம்.

17/
இந்தக் குழப்பத்துக்கு உலக அளவில் ஒரு தீர்வு 2012 அக்டோபரில் வந்தது. ஆர்கிட் என்று பேர். ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண். இலவசம். பத்து நிமிஷ வேலை.

பேர் எத்தனை விதமாக இருந்தாலும் எண் ஒன்றுதான். உங்கள் பேரின் மற்ற வடிவங்களையும் அதில் சேர்த்து வைக்கலாம். பழைய கட்டுரைகளை அந்த எண்ணோடு இணைக்கலாம். சென்னை ராமகிருஷ்ணனுக்கும் பரோடா ராமகிருஷ்ணனுக்கும் அன்றைக்கு இப்படி ஒரு எண் இருந்திருந்தால் நான் இந்த இழையில் பாதி எழுதியிருக்க மாட்டேன்.

தம்பியை அன்றைக்கே ஆர்கிட் எடுக்க வைத்தேன். மெடிக்கல் கவுன்சில் பதிவில் இருக்கும் பேரை அடிப்படையாக வைத்து, இனி எல்லா இடத்திலும் அதே வரிசை, அதே எழுத்துக்கூட்டல் என்று முடிவு பண்ணினோம். டாக்டர் என்ற அடையாளத்துக்கு ஆதாரம் அந்தப் பதிவுதான்.

18/
பேர் சரி. பங்கு?

1959-ல் மையத்தின் பேர் ஒன்றே போதுமாக இருந்தது. ஏனென்றால் அந்த மையத்தை எல்லாருக்கும் தெரியும். பிற்பாடு மருத்துவ ஆய்வுகள் கம்பெனிகள் மூலம் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்குப் பரவின. யார் என்ன செய்தார் என்று காகிதத்தில் காட்டவேண்டிய காலம் வந்தது.

1996-ல் ஐசிஹெச் அமைப்பு "குட் கிளினிக்கல் பிராக்டிஸ்" என்ற சர்வதேச வழிகாட்டியைக் கொண்டுவந்தது. ஆய்வு நடத்தும் மருத்துவர் படிப்பு, பயிற்சி, அனுபவம் மூன்றிலும் தகுதி உள்ளவராக இருக்கணும், அதற்கு நடப்பு சி.வி.யைச் சான்றாகக் காட்டணும் என்று அதில் இருக்கு. யாரிடம் எந்த வேலையை ஒப்படைத்தோம் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கணும். இந்தியாவுக்கான ஜிசிபி வழிகாட்டி 2001-ல் வந்தது.

ஆக, கிளினிக்கல் ரிசர்ச்சில் சி.வி. என்பது சுயபுராணம் கிடையாது. நோயாளியின் பாதுகாப்புக்காகக் கேட்கப்படும் ஒரு ஆவணம்.

19/
அடுத்து 2007 ஜூலை 20. இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு, சிடிஆர்ஐ, தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அதைக் கட்டாயம் ஆக்கினார். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறார்கள்.

இந்தப் பதிவேடு பொதுமக்கள் எல்லாரும் பார்க்கலாம். ஆய்வின் தலைப்பு, எந்த ஆஸ்பத்திரி, முதன்மை ஆய்வாளர் யார், எந்த எதிக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்தது, எல்லாம் இருக்கும்.

தம்பி வேலை பார்த்த ஆய்வின் எண்ணைப் போட்டுப் பார்த்தோம். முதன்மை ஆய்வாளர் இடத்தில் அவன் பேராசிரியர் பேர். அவன் "இன்வெஸ்டிகேட்டர்" என்று போட்டிருந்தது பொய் என்று கண்டுபிடிக்க ஹெச்ஆருக்கு ஒரு நிமிஷம் போதும். அவனைக் கூப்பிடாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

20/
"அப்போ என் பேரே எங்கயும் இல்லியேண்ணே" என்றான். குரல் உடைந்துவிட்டது.

இருக்கு. அந்த ஆஸ்பத்திரி கோப்பில், பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த பட்டியலில், அவன் கையெழுத்தோடு, சேர்ந்த தேதி விலகிய தேதியோடு இருக்கு. அதை வெளியே கொண்டுவர முடியாது. ஆனால் அதை அடிப்படையாக வைத்துப் பேராசிரியரிடம் ஒரு அனுபவச் சான்று கேட்கலாம். எந்த ஆய்வு, எத்தனை மாதம், என்னென்ன பொறுப்பு என்று. கேட்டான். அவர் மகிழ்ச்சியாகவே கொடுத்தார்.

நம்ம பசங்களுக்குக் கேட்பதற்கே கூச்சம். செய்த வேலைக்குச் சான்று கேட்பதில் தப்பே இல்லை.

21/
இப்போ அவன் ப்ரொஃபைல் எப்படி மாறியது என்று சொல்கிறேன்.

முன்னால் இருந்தது: "ஆற்றல்மிக்க, ஆர்வமுள்ள கிளினிக்கல் இன்வெஸ்டிகேட்டர்." இதில் சரிபார்க்க ஒரு சொல்கூட இல்லை. சரிபார்க்க முடிந்த ஒரே சொல்லும் தப்பு.

இப்போ இருப்பது: எம்பிபிஎஸ் மருத்துவர், கவுன்சில் பதிவு உள்ளவர். பதிவு செய்யப்பட்ட ஒரு ஆய்வில் பதினோரு மாதம் ஆராய்ச்சி மருத்துவ அலுவலர். தகுதி பார்த்து நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது, தமிழில் விளக்கி ஒப்புதல் பெற்றது, தொடர் கவனிப்பு, வராதவர்களை வீடு தேடிச் சந்தித்தது, மிச்ச மாத்திரை எண்ணிப் பதிந்தது. கீழே சிடிஆர்ஐ எண், ஜிசிபி பயிற்சி முடித்த தேதி, ஆர்கிட் எண்.

படிக்கிறவருக்கு ஆள் யார், என்ன தெரியும் என்று இப்போ புரியும். தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டிக்கு ஆய்வை விளக்கி, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம் பாட்டி" என்று சொல்லத் தெரிந்த டாக்டர். அதற்கு மதிப்பு இருக்கு.

22/
இதே பாதையில் வர நினைக்கும் மற்ற தம்பி தங்கைகளுக்குச் சில குறிப்புகள்.

ஒன்று, ஆய்வில் பாதகமான நிகழ்வு நடந்தால் என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, தீவிரமான பாதக நிகழ்வை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். அப்படி ஒரு அறிக்கை தயாரிப்பதில் உதவியிருந்தால் ப்ரொஃபைலில் ஒரு வரி எழுதுங்க. நோயாளி விவரம் எதுவும் வேண்டாம்.

இரண்டு, நோயாளியோடு எடுத்த போட்டோ, கேஸ் ஷீட், வெளிவராத முடிவு எதையும் போடாதீங்க. இதைப் பார்த்தாலே நல்ல நிறுவனம் உங்களை வேண்டாம் என்று வைத்துவிடும். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்றுதான் அர்த்தம்.

23/
மூன்று, கட்டுரையில் ஓசியில் பேர் சேர்ப்பது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஒருவர் ஆசிரியர் ஆவதற்கு நாலு நிபந்தனை வைத்திருக்கு. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நாலும் வேண்டும்.

படிக்காத கட்டுரையில் பேர் போட்டுக்கொண்டால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டுவீர்கள். நாலு நிபந்தனையும் நிறைவேறாத உதவிக்கு நன்றி அறிவிப்பில் பேர் வரும். அதுவும் கௌரவம்தான்.

நான்கு, இருக்கும் ஒரே ஒரு ஆய்வை நாலு விதமாக எழுதி நாலு ஆய்வு மாதிரிக் காட்டாதீங்க. எண் ஒன்றுதான் இருக்கும், எண்ணிப் பார்ப்பார்கள்.

24/
டாக்டர் அல்லாதவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கு.

நாளைக்கு உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்லி யாராவது கேட்கலாம். பயப்பட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போட வேண்டாம். "சிடிஆர்ஐ நம்பர் என்ன டாக்டர்?" என்று கேளுங்க. படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்க. முன்னால் நிற்கிற டாக்டர் சொல்லும் ஆஸ்பத்திரியும் முதன்மை ஆய்வாளர் பேரும் அதில் இருக்கான்னு பாருங்க.

டாக்டரின் ப்ரொஃபைல் உண்மையாக இருக்கணும் என்பதற்கு முதல் காரணம் அவர் வேலை கிடையாது. உங்கள் உயிர்.

25/
சென்னை மையத்துக்குத் திரும்பி முடிக்கிறேன்.

அந்த மையம் 1978-ல் டியூபர்குளோசிஸ் ரிசர்ச் சென்டர் ஆனது, 2011-ல் என்ஐஆர்டி ஆனது. அங்கே ஆராய்ச்சியாளராக வேலை பார்த்த சௌம்யா சுவாமிநாதன் பிற்பாடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும், 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாகவும் ஆனார். அவர் பேரின் இரண்டாம் பாதியும் அப்பா பேர்தான், கவனித்தீர்களா?

ஆனால் எனக்கு அந்த மையம் என்றால் ஞாபகம் வருவது 1956-ல் சென்னையின் ஏதோ ஒரு சந்தில், சொல்லாமல் போய்க் கதவைத் தட்டி, மிச்ச மருந்தை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்த ஆட்கள்தான். அவர்கள் ஒழுங்காக எண்ணினார்கள். அதனால்தான் அந்த 86-ஐ உலகம் நம்பியது. கட்டுரையின் நெற்றியில் அவர்கள் பேர் இல்லை.

26/
நேற்று தம்பி மறுபடியும் போன் பண்ணினான். ஒரு இன்டர்வியூ முடிந்திருக்கு. வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை.

"முதல் கேள்வியே வீட்டுக்குப் போயி மாத்திரை எண்ணுனது பத்தித்தாண்ணே கேட்டாங்க. இருபது நிமிஷம் அதப் பத்தியே பேசினேன்" என்றான்.

"கூச்சமா இருந்துச்சா?"

"இல்லண்ணே. நான் பண்ண வேலதான?"

அவ்வளவுதான் மக்களே. செஞ்ச வேலையை, செஞ்ச அளவுக்கு, ஒரே பேர்ல எழுதுங்க.